‘நான்’ யாரைச் சுட்டும்? – சோமா ஆட்டத்தில் தன்மைச் சுட்டு

கணிப்பொறி ஆட்டங்களை வகைப்படுத்துவோர் இலக்கணத்திலிருந்து இரண்டு கலைச்சொற்களைக் கடன் பெற்றுள்ளனர். ஆடுபவர் கதைமாந்தரின் கண் வழியே உலகைக் காணுமாறு அமைந்தவற்றைத் தன்மை நோக்கு ஆட்டங்கள் என்றும், கதைமாந்தரைப் பின்னாலிருந்து காணுமாறு அமைந்தவற்றைப் படர்க்கை நோக்கு ஆட்டங்கள் என்றும் அவர்கள் வழங்குகின்றனர். முன்னிலைக்கும் இத்துறையில் இடம் இருந்தது. 1976இல் தோன்றிய ‘அட்வெஞ்சர்’ முதலிய எழுத்துவடிவ ஆட்டங்கள் ஆடுபவரை நேரே விளித்து, அவர் எங்கு நிற்கிறார், எதைக் காண்கிறார் என்று கூறின. திரையில் படம் வந்தபின் முன்னிலை மறைந்தது; ஏனைய இரண்டும் நிலைத்தன.

இக்கடன் பொருத்தமானதுதானா என்னும் வினா மொழியியலார்க்கு உரியது. இலக்கணத்தில் தன்மை என்பது பேசுவோனைக் குறிக்கும் இடம், காண்போனைக் குறிப்பதன்று. ஆட்டத்தில் ‘தன்மை’ எனப்படுவதோ ஒளிப்படக்கருவி நிற்கும் இடம் மட்டுமே. பேசுவோனும் காண்போனும் ஒருவராகவே இருக்கும்வரை இவ்வேறுபாடு புலப்படுவதில்லை. இருவரும் பிரியும்போது என்ன நிகழும் என்பதை ஒரே ஓர் ஆட்டம் தன் கதைப்பொருளாகவே கொண்டுள்ளது. ஸ்வீடன் நாட்டு ஃபிரிக்ஷனல் கேம்ஸ் நிறுவனம், தாமஸ் கிரிப் என்பவரின் இயக்கத்தில் 2015ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியிட்ட ‘சோமா’ அது. சோமா என்பது உடல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்; வடமொழிச் சோமத்தோடு அதற்கு உறவில்லை.

உயிர்தப்பும் அச்ச வகை என்று தமிழில் கூறத்தக்க ஆட்ட வகையைச் சேர்ந்தது இது. அப்பெயர் 1996இல் ஜப்பானின் கேப்காம் வெளியிட்ட ‘ரெசிடென்ட் ஈவில்’ வழியாகப் பரவியது. ஆடுபவரிடம் படைக்கருவி குறைவாக இருக்கும். சில ஆட்டங்களில் அறவே இராது. எதிர்த்து வெல்வதைவிட ஒளிந்தும் ஓடியும் பிழைப்பதே ஆட்டமாகும். அறிவியல் புனைவுக் களத்தில் இவ்வகை நன்கு வளர்ந்தது. 2008இல் வந்த ‘டெட் ஸ்பேஸ்’ படர்க்கை நோக்கில் அமைந்தது. அதன் தலைமகன் முதல் ஆட்டத்தில் வாய் திறப்பதில்லை, 2011இல் வந்த அடுத்த ஆட்டத்தில்தான் பேசுகிறான். 2014இல் வந்த ‘ஏலியன்: ஐசொலேஷன்’ தன்மை நோக்கினது. இவ்விரண்டிலும் அச்சம் புறத்திலிருந்து வருகிறது. சோமாவில் அது தன்மை ஒருமை மூவிடப்பெயரிலிருந்து வருகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கதை

டொராண்டோ நகரில் வாழும் சைமன் ஜாரெட் என்னும் இளைஞன் 2015இல் நேர்ந்த கார் விபத்தில் மூளைக் காயம் அடைந்தவன். புதிய சிகிச்சை முறை ஒன்றின் பொருட்டு அவன் மூளையைப் பதிவு செய்கிறார்கள். இருக்கையில் அமர்கிறான், தலைக்கு மேல் கருவி இறங்குகிறது, இருள். கண் விழிக்கும்போது அவன் அட்லாண்டிக் பெருங்கடலின் அடியில் பாதோஸ்-2 என்னும் ஆய்வு நிலையத்தில் இருக்கிறான். ஆண்டு 2104. ஓராண்டிற்கு முன் வால்மீன் மோதிப் புவியின் மேற்பரப்பு அழிந்துவிட்டது. டொராண்டோவில் பதிவு செய்யப்பட்ட சைமன் சிகிச்சை பயனின்றி அப்போதே இறந்துபோனான் என்பதையும், கடலடியில் விழித்திருப்பது அப்பதிவின் ஒரு படி என்பதையும் அவன் மெல்ல மெல்ல அறிகிறான். அப்படி ஓர் இறந்த பெண்ணின் உடலில், நீர்மூழ்கு உடைக்குள் இயங்குகிறது.

கேத்தரின் சுன் என்னும் அறிவியலாளரும் இறந்தவரே. அவருடைய மூளைப்பதிவு ஒரு கைக்கருவியில் பொருத்தப்பட்டுச் சைமனோடு பேசிக்கொண்டு வருகிறது. நிலையத்தில் வாழ்ந்தோரின் பதிவுகளை ‘ஆர்க்’ என்னும் செயற்கைக்கோளில் ஏற்றி, கடலடியிலுள்ள ஏவுபீரங்கியால் விண்ணில் செலுத்துவதே இருவரின் இலக்கு. ஆர்க்கினுள் ஒரு கற்பித உலகம் உண்டு. அங்கே தாங்களும் சென்று வாழலாம் என்பது சைமனின் நம்பிக்கை.

சுட்டின் இயல்பு

‘நான்’, ‘இங்கு’, ‘இப்போது’ என்னும் மூன்றும் ஒரு மையத்தில் கூடுகின்றன என்று கார்ல் பியூலர் 1934இல் விளக்கினார். ‘நான்’ என்னும் சொல்லுக்கு நிலைத்த பொருள் ஏதும் இல்லை. அக்கூற்றை நிகழ்த்துவோன் எவனோ அவனே அதன் பொருள். நம் மரபிலும் இம்மையம் பற்றிய உணர்வு தொன்மையானது. தருதலும் வருதலும் தன்மை, முன்னிலைகளுக்கு உரியன என்றும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன என்றும் தொல்காப்பியக் கிளவியாக்கம் வகுக்கின்றது. வினையின் பொருளுக்குள்ளேயே பேசுவோன் நிற்கும் இடம் அடங்கியிருக்கிறது என்பதன்றி இதற்கு வேறு விளக்கம் இல்லை.

சோமாவுக்கு மிக நெருங்கியது ஜான் பெரி 1979இல் காட்டிய எடுத்துக்காட்டு. கடையில் தரையெங்கும் சர்க்கரை சிந்திக் கிடப்பதைக் கண்டு, கிழிந்த பையோடு செல்பவர் யார் என்று தேடி ஒருவர் சுற்றிச் சுற்றி வருகிறார். சிந்துவது தம் வண்டியிலுள்ள பையே என்பது பின்னர்த்தான் தெரிகிறது. ‘ஒருவர் சர்க்கரை சிந்துகிறார்’ என்னும் செய்தி அவருக்கு முன்பே தெரியும். ‘நான் சிந்துகிறேன்’ என்பது தெரிந்தவுடனேதான் அவர் குனிந்து பையைச் சரிசெய்கிறார். உலகைப் பற்றிய செய்திகள் எத்தனை சேர்ந்தாலும் தன்மைச் சுட்டின் இடத்தை அவை நிரப்பா என்பது பெரியின் முடிவு. தமிழில் ‘தான்’ என்னும் சொல் இவ்வெல்லையைக் காட்டவல்லது. ‘அவன் தப்பியதாகச் சைமன் எண்ணினான்’ என்பதும், ‘தான் தப்பியதாகச் சைமன் எண்ணினான்’ என்பதும் ஒன்றல்ல.

மூன்று இருக்கைகள்

ஆட்டத்தில் சைமன் மும்முறை படியெடுக்கப்படுகிறான். முதலாவது டொராண்டோவில். இரண்டாவது ஓமிக்ரான் என்னும் கட்டடத்தில். ஆழ்கடலின் அழுத்தத்தைத் தாங்கும் வேறோர் உடை வேண்டியிருப்பதால் அவனது பதிவு புதிய உடலுக்குப் பெயர்க்கப்படுகிறது. மூன்றாவது, ஏவுபீரங்கி அமைந்துள்ள இறுதிக் கட்டடத்தில். ஆர்க் ஏவப்படும் நொடிக்குச் சற்று முன்.

ஒவ்வொரு முறையும் உலகில் நிகழ்வது ஒன்றே. இருந்தவன் இருந்த இடத்திலேயே இருக்கிறான். புதியவன் ஒருவன் தோன்றுகிறான். எவரும் எங்கும் போகவில்லை. ஆனால் ஒளிப்படக்கருவி முதல் இரண்டு முறையும் புதியவனோடு செல்கிறது. மூன்றாம் முறை மட்டும் அது இருந்தவனோடு தங்கிவிடுகிறது. ஆர்க் விண்ணேறுகிறது, சைமன் இருக்கையில் அமர்ந்தபடியே இருக்கிறான், தன்னை ஏன் அழைத்துச் செல்லவில்லை என்று கேத்தரினிடம் கதறுகிறான்.

இவ்விடத்தில் ஆடுபவர் பலர் கூறும் குறை ஒன்றுண்டு. ஓமிக்ரானில் நடந்தது முழுவதையும் கண்டறிந்தவன், பழைய உடலில் ஒரு சைமன் விழித்துக் குரல் கொடுத்ததைக் காதாரக் கேட்டவன், இறுதியில் வியப்பும் சினமும் அடைவது அறிவுக்குப் பொருந்துமா என்பது அக்குறை. சைமனை மந்த அறிவினனாகப் படைத்துவிட்டார்கள் என்பாரும் உளர்.

இது ஏற்கத்தக்கதன்று. சைமனின் நினைவை அவனுடைய இடத்தில் நின்று நோக்க வேண்டும். டொராண்டோவில் அமர்ந்தது அவன் நினைவில் உண்டு. கடலடியில் விழித்ததும் உண்டு. ஓமிக்ரானில் பழைய உடலில் அமர்ந்ததும் உண்டு. புதிய உடலில் விழித்ததும் உண்டு. ஆக இரண்டு முறை அமர்ந்து, இரண்டு முறையும் ‘சென்றிருக்கிறான்’. அவனுடைய தன்மைப் பட்டறிவில் தோல்வி என்பதே இல்லை. தோற்றவர்களின் நினைவு தோற்றவர்களிடமே தங்கிவிட்டது. அது அவனிடம் வந்து சேர வழியில்லை. டொராண்டோவில் எழுந்து வீடு சென்றவனும், ஓமிக்ரான் இருக்கையில் திகைத்தவனும் அவனுக்குச் செய்திகளே. அச்செய்திகளை அவன் படர்க்கையில் அறிவான்; தன்மையில் அறியான். சர்க்கரை சிந்தியவரின் நிலை இதுவே. இறுதி இருக்கையில் சைமனுக்கு இல்லாதது செய்தி அன்று. ‘சைமன் தப்பினான்’ என்று அவன் மெய்யாகவே கூறலாம், அதில் பிழையில்லை. ‘தப்பினேன்’ என்று கூறத்தான் இயலாது. இரண்டு கூற்றுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு விகுதியளவே.

இன்னொன்றும் உண்டு. குறை கூறும் ஆடுபவரும் அதே இருக்கையில் அதே எதிர்பார்ப்போடுதான் அமர்ந்தார். கருவி இரண்டு முறை அவரையும் சுமந்து சென்று பழக்கியிருந்தது. இவ்வாட்டத்தை இருமுறை ஆடிய இக்கட்டுரையாளருக்கும், முடிவு தெரிந்திருந்த இரண்டாம் முறையிலும், ஏவுதலுக்கான எண்ணிக்கை தொடங்கியபோது அவ்வெதிர்பார்ப்பு நீங்கவில்லை. (ஆய்வுக் கட்டுரையில் ‘நான்’ என்று எழுதாமல் ‘கட்டுரையாளர்’ என்று ஒளிந்துகொள்ளும் மரபு நமக்கு உண்டு. இப்பொருளைப் பற்றி எழுதும்போது அம்மரபு சற்றே நகைப்புக்குரியதாகிறது.)

நாணயச் சுண்டல் பற்றிய உவமையையும் இங்கு நோக்க வேண்டும். படியெடுத்தபின் யாராக விழிப்போம் என்பது நாணயம் சுண்டுவது போன்றது என்னும் கருத்து கதைமாந்தரின் பேச்சில் இடம்பெறுகிறது. ஆடுபவர் பலர் இதனையே ஆட்டத்தின் கொள்கை விளக்கமாகக் கொண்டுவிட்டனர். உவமை பிழையானது. நாணயத்தைச் சுண்டுபவன் சுண்டுவதற்கு முன்னும் பின்னும் ஒருவனே. எனவேதான் அவன் வென்றான் என்றோ தோற்றான் என்றோ கூற முடிகிறது. படியெடுத்தலில் பின்னர் இருப்போர் இருவர். வெற்றிக்கும் தோல்விக்கும் பொதுவான எழுவாய் அங்கு இல்லை. ஆட்டம் இதனை அறிந்தே கதைமாந்தரின் வாயில் வைத்தது என்பதே எம் கருத்து. அஞ்சியவர் அஞ்சியவருக்குச் சொல்லும் ஆறுதல் உரை அது.

‘நான்’ ‘அவன்’ ஆதல்

ஓமிக்ரான் காட்சிதான் இவ்வாட்டத்தின் உச்சம். புதிய உடலில் விழித்த சைமன், பின்னாலிருந்து தன் குரலைக் கேட்கிறான். பழைய உடலில் இருப்பவன், பெயர்ச்சி நடக்கவில்லையோ என்று கேத்தரினைக் கேட்கிறான். பின்னர் உணர்விழந்து துவள்கிறான். அவன் சில நாழிகைக்குப் பின் மீண்டும் விழிப்பான். எவரும் இல்லாத அக்கட்டடத்தில் தனித்திருப்பான். அவனை உறக்கத்திலேயே கொன்றுவிடுவதா, அவ்வாறே விட்டுச் செல்வதா என்று முடிவு செய்யும் பொறுப்பு ஆடுபவரிடம் வருகிறது. இரண்டில் எதைச் செய்தாலும் கதையின் போக்கு மாறுவதில்லை, மதிப்பெண்ணும் இல்லை.

சில நொடிகளுக்கு முன்வரை அவ்வுடலை ஆடுபவர் ‘நான்’ என்றே கருதியிருந்தார். அதன் கைகளால் கதவு திறந்தார். அதன் மூச்சைக் கேட்டார். இப்போது அதைச் சுட்ட அவரிடம் இருப்பது படர்க்கைச் சொல் மட்டுமே. ‘இவன்’ என்பதா, ‘அவன்’ என்பதா? அண்மையில்தான் கிடக்கிறான்; ஆயினும் ‘அவன்’ என்று சேய்மைச் சுட்டில் தள்ளினாலன்றிக் கை எழுவதில்லை. இடம் மாறிய சுட்டு கொலையை எவ்வளவு எளிதாக்குகிறது என்பதை இக்காட்சி விளக்கவுரை ஏதுமின்றி உணர்த்துகிறது.

இதற்கு முன்னரே, தீட்டா என்னும் கட்டடத்தில், வேறொரு பாடம் நடந்திருக்கிறது. ஒரு மறைகுறியீடு தேவைப்படுவதால், இறந்துபோன பிராண்டன் வான் என்பவரின் பதிவைக் கணிப்பொறியில் எழுப்பி அவரிடமிருந்து அதனைப் பெற முயல்கின்றனர். ஐயம் கொண்டு கலங்கினால் நிறுத்திவிட்டு, சூழலை மாற்றி, மீண்டும் எழுப்புகின்றனர். ஒவ்வொரு முறையும் அவர் முதன்முறையாக விழிப்பவர் போலவே பேசுகிறார். ஒவ்வொரு முறையும் ‘நான்’ என்கிறார். முன்னர் எழுப்பப்பட்ட பிராண்டன்கள் அச்சொல்லுள் அடங்கவில்லை. புதிர்விடுக்கும் சிறுபகுதியாகத் தோன்றும் இதனை விரைந்து கடந்துவிடுவோர், ஓமிக்ரானில் கிடப்பவன் யார் என்பதற்கான விடையையும் கடந்துவிடுகின்றனர்.

தன்மைப் பன்மை

கேத்தரின் சைமனை ஏமாற்றினாரா என்பது இவ்வாட்டம் பற்றி எழும் மற்றொரு வழக்கு. அவர் பொய் சொன்னார் என்று காட்ட ஒரு வாக்கியத்தை எடுப்பது எளிதன்று. ஏமாற்றம் நிகழ்ந்தது ஆங்கிலத்தின் தன்மைப் பன்மையில். அச்சொல் கேட்போனை உளப்படுத்துகிறதா, விலக்குகிறதா என்பது அம்மொழியில் தெரிவதில்லை. ஆர்க்கில் வாழப்போகும் ‘நாம்’ யார்? பேசிக்கொண்டிருக்கும் இவ்விருவரா, இவர்களின் படிகளா? பயணம் முழுவதும் அச்சொல் இரண்டிற்கும் இடங்கொடுத்து நிற்கிறது. ஏவுதல் முடிந்தபின் நிகழும் சச்சரவில்தான் கேத்தரினின் இலக்கணம் செப்பமடைகிறது. விண்ணில் இருப்போரை அவர் படர்க்கையால் சுட்டுகிறார். கடலடியில் எஞ்சிய தம் இருவரைத் தன்மைப் பன்மையால் சுட்டுகிறார். அது சரியான வாக்கியம். அதனைத் தொடக்கத்திலேயே கூறியிருந்தால் சைமன் இவ்வளவு தொலைவு நடந்திருக்கமாட்டான்.

இப்பகுதியைத் தமிழில் பெயர்க்கப் புகுவோர் இடர்ப்படுவர். யாம், நாம் என்னும் பழைய வேறுபாடும் அதன் வழிவந்த நாங்கள், நாம் என்னும் இன்றைய வேறுபாடும் கேட்போனைப் பற்றியவை. படியைப் பற்றியவை அல்ல. எனினும் தமிழில் ‘நாம்’ என்று கூறிய ஒருவர், கேட்போனை உள்ளடக்கி உறுதி அளித்தவர் ஆகிறார். ஆங்கிலத்தில் கேத்தரினுக்குக் கிடைத்த ஒளிவிடம் தமிழ்க் கேத்தரினுக்குக் கிடைக்காது. அவர் வெளிப்படையாகப் பொய்யராவார். பெயர்ப்பாளர் அவர் பண்பையே மாற்ற நேரும்.

இச்சிக்கலை நிலையத்து மாந்தர் சிலர் வேறு வழியில் தீர்க்க முயன்றதையும் ஆட்டம் காட்டுகிறது. பதிவு எடுத்த உடனே உயிரை மாய்த்துக்கொண்டால் இருவர் இருக்கும் நிலையே ஏற்படாது. எனவே ‘நான்’ தடையின்றி ஆர்க்கில் தொடரும் என்பது மார்க் சாரங் என்பவரின் வாதம். அவ்வாதத்தை நம்பிச் சிலர் இறந்தனர். டெரக் பார்ஃபிட் 1984இல் செவ்வாய்க்கோளுக்கு மனிதரைத் தொலைபெயர்க்கும் கற்பனைக் கருவி ஒன்றைக் கொண்டு, ஒருவர் ‘அவரே’யாகத் தொடர்வது நாம் எண்ணும் அளவு முதன்மையானதன்று என வாதிட்டார். அக்கற்பனை அவர் நூலில் மனத்தை விடுவிக்கும் கருத்தாக வருகிறது. சோமாவிலோ அவ்வகைச் சிந்தனை பிணங்களாகக் கிடக்கிறது. சாரங்கின் பிழை இலக்கணப் பிழையே: எண்ணிக்கை ஒன்றாகிவிட்டால் சுட்டும் ஒன்றாகிவிடும் என்று அவர் கருதினார்.

அரக்கர்கள் தேவையா?

ஆட்டத்தின் குறைகளையும் கூற வேண்டும். நிலையத்தைப் பேணும் ‘வாவ்’ என்னும் செயற்கை அறிவு, மனிதரை எவ்வாறேனும் உயிரோடு வைத்திருக்க முனைந்து, உருக்குலைந்த உயிர்களைப் படைத்துள்ளது. அவை தாழ்வாரங்களில் திரிகின்றன. ஆடுபவர் ஒளிய வேண்டும். இவ்வகைக்கு இது மரபு. ஆயின் சோமாவில் இப்பகுதிகள் பெரும்பாலும் இடையூறாகவே உள்ளன. தான் மனிதனே என்று நம்பிக்கொண்டு உடைந்த எந்திரமாகக் கிடக்கும் கார்ல் என்பவனோடு பேசியபின், அவன் வலியில் அலற மின்சாரத்தை மாற்றியபின், இருட்டில் துரத்தும் ஓர் உருவம் எவ்வளவு அச்சம் தரும்? முதலில் பிடிபட்டால் அடிபட்டுச் சற்றுத் தள்ளாட நேரும், மீண்டும் பிடிபட்டால்தான் இறக்க நேரும். 2017ஆம் ஆண்டு டிசம்பரில் இவ்வுருவங்கள் ஆடுபவரைக் கொல்லாதவாறு அமைந்த ஒரு தேர்வை நிறுவனமே சேர்த்தது. அவ்வாறு ஆடினாலும் ஆட்டத்தின் அச்சம் குறைவதில்லை. உயிர்தப்பும் அச்ச வகை ஆட்டம் ஒன்று, உயிர்தப்ப வேண்டிய தேவையை நீக்கியபின்னும் அவ்வகையினதாகவே நிற்பது புதுமை. இங்குத் தப்ப வேண்டியது உடல் அன்று.

மனிதராகவே எஞ்சிய கடைசிப் பெண்ணொருத்தியை இறுதிப் பகுதியில் சைமன் காண்கிறான். ஆர்க்கைக் காத்து நிற்கும் அவள், தன் உயிர்தாங்கு கருவியை நிறுத்திவிடுமாறு கேட்கிறாள். அவளுக்கு ஒரே உடல், ஒரே ‘நான்’. ஆட்டம் முழுவதிலும் ஐயத்திற்கு இடமின்றித் தன்மையில் பேசும் குரல் அது ஒன்றே. அக்காட்சியில் அரக்கர் எவரும் இல்லை.

முடிவுக் காட்சிகள்

சச்சரவின் நடுவே கேத்தரினின் கருவி பழுதாகிறது. விளக்குகள் அணைகின்றன. தன்னைத் தனியே விட்டுவிட வேண்டாம் என்று சைமன் இருளில் விளிக்கிறான். விளி உண்டு, கேட்போர் இல்லை. முன்னிலை அற்றுப்போன தன்மை அது. பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்குகிறது.

பட்டியலுக்குப் பின் ஆட்டம் தொடர்கிறது. வெயில் படர்ந்த வெளியில் சைமன் விழிக்கிறான். அவன் நினைவில் இப்போது மூன்று இருக்கைகள், மூன்று வெற்றிகள். புதிய வாழ்வு எவ்வாறு உள்ளது என்று கேட்கும் வினாப்படிவத்திற்கு விடையளித்துவிட்டு நடக்கிறான், கேத்தரின் காத்திருக்கிறார். இக்காட்சி ஆறுதலுக்காகச் சேர்க்கப்பட்ட ஒட்டு என்பாருண்டு. இருளோடு முடித்திருந்தால் வலிமை கூடியிருக்கும் என்பது அவர்கள் கருத்து. அவ்வாறு முடித்திருந்தால் ஒளிப்படக்கருவி மூன்றாம் முறை மெய் பேசியது, முதல் இரண்டு முறை பொய் பேசியது என்று ஆடுபவர் எண்ணியிருப்பர். அது அவ்வாறன்று. ‘வந்தேன்’ என்று இங்கிருப்பவன் கூறுவதும் மெய். ‘வரவில்லை, இங்கேயே இருக்கிறேன்’ என்று கடலடியில் இருப்பவன் கூறுவதும் மெய். இரண்டையும் கேட்டவர் ஆடுபவர் ஒருவரே. இங்கிருப்பவனோ மற்றவனைப் பற்றி எதுவும் கேட்பதில்லை.

பின்னர்க் காட்சி ஆர்க்கிற்கு வெளியே செல்கிறது. சிறிய செயற்கைக்கோள் ஒன்று கரிந்த புவிக்கு அப்பால் மிதந்து போகிறது. அவ்விடத்திலிருந்து காண்பதற்கு எவர் கண்ணும் இல்லை. ஆட்டத்தின் கடைசிக் காட்சி முழுவதும் படர்க்கையில் அமைந்துள்ளது.